ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: தொடர்ந்து ஆடியும் ஏன் சுகப்படவில்லை?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 மாதிரி, எதிராளிக்குக் காத்திராமல் எல்லாரும் ஒரே நேரத்தில் ஊர் கட்டிப் படை திரட்டி மோதுகிற ரியல்-டைம் ஸ்ட்ராடஜி கேம் பக்கம் வருகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "நாம நாலு வீரனைச் சேர்க்கறதுக்குள்ள அவன் படையோட வந்து நிக்கறான்." 2019-இல் வந்த அதன் புதுப்பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷனை நெடுநாள் ஆடிப் பார்த்ததில், கோளாறு சண்டையில் இல்லை, முதல் பத்து நிமிஷத்தில் இருக்கிறது. நாற்று விடாமல் அறுப்புக்கு ஆள் தேடுகிற கதை.

உணவு, மரம் சேர்த்து, கட்டடம் கட்டுகிற வேலையாள்தான் வில்லேஜர். ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவு, 25 விநாடி. ஆரம்பத்தில் மூன்று வில்லேஜர், வேவு பார்க்கிற குதிரைவீரன் (ஸ்கவுட்) ஒருவன், ஆக நாலு பேர். வில்லேஜர் உருவாகிற மையக் கட்டடமான டவுன் சென்டரில் இடமோ ஐந்து பேருக்குத்தான். வீடு கட்டாவிட்டால் புதிதாக ஒருவர் வந்ததுமே உற்பத்தி நின்றுவிடும். அதனால் ஆட்டம் தொடங்கியதும் இரண்டு பேரை வீடு கட்ட அனுப்ப வேண்டும். ஒரு வீட்டுக்கு 25 மரம், ஐந்து பேருக்கு இடம். ஐந்து பேர் வர 125 விநாடி. அதாவது இரண்டு நிமிஷத்துக்கு ஒரு வீடு. இதை மட்டும் தவறாமல் செய்தாலே ஆட்டம் பாதி கைக்கு வந்துவிடும்.

மவுஸை நம்பினால் இது நடக்காது. ஹெச் தட்டினால் டவுன் சென்டர், க்யூ தட்டினால் வில்லேஜர். விரல் தானாகப் போகும்வரை மற்ற ஷார்ட்கட் எதுவும் வேண்டாம். ஷிஃப்ட் பிடித்து ஐந்து பேரை வரிசையில் போடுவது வசதிதான், ஆனால் 250 உணவு அப்போதே முடங்கிவிடும்.

அடுத்து அடி விழுவது, உணவுக்காக வேட்டையாடுகிற காட்டுப்பன்றியிடம். ஆட்டில் 100 உணவு, பன்றியில் 340. வில்லேஜருக்கு உயிர் 25தான். 50 தங்கத்துக்கு லூம் என்கிற மேம்பாட்டைப் போட்டால் இன்னும் 15 கூடும். பன்றி மேல் அம்பு விட்டதும், அது துரத்த, வில்லேஜர் டவுன் சென்டருக்கு ஓடிவர வேண்டும். அங்கே ஆடு அறுக்கிறவர்களை வைத்துப் பன்றியைச் சாய்த்தால் கறி சுமந்து நடக்கிற வேலை மிச்சம். பன்றி விழுந்த பிறகு மற்றவர்கள் சும்மா நிற்கிறார்களா என்று பார்க்கத்தான் பலர் மறக்கிறார்கள்.

ஆட்டத்தின் வேகம் சாதாரணமாக 1.7. கம்ப்யூட்டரோடு ஆடும்போது 1.0 வைத்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆன்லைனில் தரவரிசைக்காக மோதுகிற ரேங்க்டு ஆட்டம் எல்லாருக்கும் ஒத்துவராது என்பது எங்கள் அபிப்பிராயம்.

டெல்டாவில் இருப்பவர்களுக்குத் தனிச் சங்கடம் கரண்ட். ஐப்பசி, கார்த்திகை மழையில் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வீட்டு இன்வெர்ட்டர் மாறுகிற அந்தக் கண்ணிமைப்பில் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனால் ஆன்லைன் ஆட்டம் போச்சு. ரவுட்டருக்கு மட்டும் ஒரு மினி யூபிஎஸ் போதும். லேப்டாப் பேட்டரிக்கு மாறினால் வேகம் குறையும், ஒருவர் மெஷின் திணறினால் கூட ஆடுகிற எல்லாருக்கும் ஆட்டம் இழுக்கும். அதனால் மெஷினுக்குச் சுமையான யூஹெச்டி (உயர் துல்லியப் பட) கிராபிக்ஸ் பேக்கை இறக்கவே வேண்டாம்.

2022-இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் பேக்கில் ராஜேந்திர சோழன் கேம்பெய்ன் (கதையோடு போகும் தொடர் ஆட்டம்) இருக்கிறது. நம்ம ஊர் ராஜா என்று முதலில் அதைத்தான் எல்லாரும் திறப்பார்கள். அதே பேக்கில் வந்த திராவிடர் அணிக்கு ஒவ்வொரு யுகம் (ஆட்டத்தின் கட்டம்) மாறும்போதும் 200 மரம் சும்மா கிடைக்கும். வயல் ஒன்றுக்கு 60 என்றால் மூன்று வயலுக்குக் காணும். கப்பலும், வளையும் நீள்வாளான உருமி ஏந்திய வீரரும் இந்த அணியின் பலம். நைட் என்கிற கனத்த குதிரைவீரர் கிடையாது, குதிரையை நம்பி ஆடுகிறவர்கள் வேறு அணி பார்த்துக்கொள்ளலாம்.