செடிரிசின் 10 மி.கி.: யாருக்கு முழுசு, யாருக்குப் பாதி

தும்மல், மூக்கொழுகல், தடிப்பு என்று மெடிக்கல் ஷாப்பில் நின்றால் பெரும்பாலும் கைக்கு வருவது செடிரிசின் என்ற இந்த அலர்ஜி மாத்திரைதான். மலிவு, வேலையும் செய்கிறது. போட்ட ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சம் தொடும். சாப்பாட்டோடு போட்டால் அந்த உச்சம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். உடம்பில் சேரும் மொத்த அளவு மட்டும் குறையாது.

கல்லீரல் இதை அதிகம் தொடுவதில்லை. பெரும்பங்கு உருமாறாமலே சிறுநீரில் போய்விடும். அதனால் எரித்ரோமைசின் (ஆன்டிபயாட்டிக்), கீட்டோகோனசோல் (பூஞ்சைக்கான மருந்து) கூடச் சேர்ந்தாலும் பெரிய வம்பில்லை. டெர்பெனடின் என்ற பழைய அலர்ஜி மாத்திரை மாட்டிக்கொண்டது இங்கேதான். அந்த மருந்துகள் அதன் சிதைவைத் தடுத்ததால் இதயத் துடிப்பு தாறுமாறானது. 1998-ல் அமெரிக்கச் சந்தையை விட்டே போனது. டெர்பெனடின் உடம்பில் எதுவாக மாறியதோ, அதைத்தான் இன்று பெக்சோபெனடின் என்று விற்கிறார்கள்.

செடிரிசினை வெளியேற்றும் பொறுப்பு சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது. நல்ல சிறுநீரகம் இருந்தால் ரத்தத்தில் உள்ள அளவு சுமார் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். இரவு 9-க்குப் போட்டது காலை 9-க்கு மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். முதியவர்களுக்கு அந்தப் பாதியாகும் நேரமே 12 மணி வரை நீளும். காலைக் காப்பி குடித்த பிறகும் தூக்கம் சொக்குவது இதனால்தான். சிறுநீரகம் ஓரளவு பழுதானவருக்கு நேரம் மூன்று மடங்கு. ஒரு நாள் கழிந்தும் பாதி அப்படியே நிற்க, அதன் மேல் அடுத்த மாத்திரை விழும். சில நாளில் பகலெல்லாம் மயக்கம். இவர்களுக்கு 5 மி.கி. போதும், அதுவும் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து மருத்துவர் சொன்ன பிறகு. கூடிப்போனால் டயாலிசிஸ் எடுத்துவிடும் என்று இருக்கவும் முடியாது. அதில் வெளியேறுவது சொற்பம்.

அரிப்புக்கு ஹைட்ராக்சிசின் எழுதித் தந்திருந்தால் இதைச் சேர்க்காதீர்கள். அது கல்லீரலில் செடிரிசினாகத்தான் மாறுகிறது, இரட்டை டோஸ் ஆகிவிடும். செடிரிசினிலேயே வேலை செய்யும் பாதியைப் பிரித்தெடுத்ததுதான் லெவோசெடிரிசின் 5 மி.கி. அதிலும் பெரிய மாற்றமில்லை; தூக்கமே வராது என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். வண்டி ஓட்டுபவர்களுக்குப் பெக்சோபெனடினே மேல். அதை ஆரஞ்சு, ஆப்பிள் சாறோடு விழுங்கினால் குடல் உறிஞ்சுவது குறைந்து காசு வீண், தண்ணீர்தான் சரி.

செடிரிசினை மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டு நிறுத்தினால் சிலருக்குக் கடும் அரிப்பு கிளம்பும். 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரித்தது. நிறுத்திய சில நாளிலேயே தொடங்கினால், பழைய அலர்ஜி என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.