தனிக் கல்லா, பழைய நகையா? முதல்முறை வாங்குபவருக்கு ஓர் அலசல்

முதன்முதலாக ரத்தினம் வாங்க நினைப்பவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, நகையில் பதிக்காத தனிக் கல்லை வாங்கி, பிடித்த மாதிரி மோதிரமோ பதக்கமோ செய்துகொள்வது. இன்னொன்று, பல கை மாறி வந்த பழைய நகையைக் கல்லோடு சேர்த்தே வாங்குவது. இரண்டிலும் இருப்பது மாணிக்கமாகவே இருக்கலாம். ஆனால் பார்த்து வாங்க வேண்டியவை வேறு, ஏமாறக்கூடிய இடங்களும் வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்மேல்தான் ஆசை என்றால் தனிக் கல்லாக வாங்குங்கள். பழைய நகை என்றால் அதன் வேலைப்பாட்டுக்காக வாங்குங்கள். அதிலுள்ள கல் இயற்கையானது என்று ஓர் ஆய்வுக்கூடம் எழுதித் தரும்வரை கல்லுக்கென்று தனியாக விலை கொடுக்காதீர்கள்.

எது கண்ணுக்குத் தெரிகிறது?

தனிக் கல்லில் எதையும் மறைப்பது கடினம். இடுக்கியில் பிடித்துத் திருப்பினால் மேல், அடி, பக்கம் எல்லாம் தெரியும். தராசில் வைத்தால் எடை துல்லியமாகக் கிடைக்கும். ஒரு காரட் என்பது 0.2 கிராம். ஒளிவிலகலை அளக்கும் கருவியில் வைத்தால் மாணிக்கம் 1.76-ஐ ஒட்டியும், அதே சிவப்பில் வரும் ஸ்பைனல் 1.72-ஐ ஒட்டியும் காட்டும். இரண்டும் வேறு வேறு கல் என்பது அங்கேயே தெரிந்துவிடும். வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் கல்லின் சொந்த நிறம் தெரியும். நடுப்பகுதி வெளிறி, அடியிலிருக்கும் எழுத்தே தெரிகிறது என்றால் அடிப்பக்கத்துக்குப் போதுமான ஆழம் இல்லாமல் பட்டை தீட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எவ்வளவு நல்ல நிறமாக இருந்தாலும் அப்படிப்பட்ட கல் கையில் உயிரில்லாமல்தான் இருக்கும்.

நகையில் பதித்துவிட்டால் இதில் பாதி கைவிட்டுப் போகும். எடையை அளவுகளிலிருந்து ஊகிக்கத்தான் முடியும். ஓரத்தில் உள்ள சில்லு, விரிசல் எல்லாம் கல்லைப் பிடித்திருக்கும் கம்பிக்கும் விளிம்புக்கும் அடியில் மறைந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நகைகளில் கல்லின் பின்புறத்தை உலோகத்தால் மூடி, உள்ளே பளபளப்பான அல்லது நிறமேற்றிய மெல்லிய தகட்டை வைப்பது வழக்கம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் கல் ஒளிர வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. அந்தக் காலத்துக்கு அது நேர்மையான தொழில்நுட்பம். ஆனால் இன்று வாங்குபவர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: பார்க்கும் நிறம் கல்லுடையதா, தகட்டுடையதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அப்புறம், இந்த நகையைத் தண்ணீரில் போட்டுக் கழுவினால் தகடு கறுத்துவிடும்.

நிறத்தை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் தவறலாம் என்பதற்கு பிரிட்டிஷ் அரச கிரீடத்தின் முன்புறத்தில் இருக்கும் ‘பிளாக் பிரின்ஸ் மாணிக்கம்’ போதும். அது மாணிக்கமே இல்லை, பெரிய ஸ்பைனல். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்த இரண்டு கற்களும் வேறு வேறு கனிமங்கள் என்று தெளிவாகப் பிரித்தார்கள்.

பழைய நகையில் இருப்பது இயற்கைக் கல்தானா?

புதிதாக வாங்குபவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் நம்பிக்கை, நகை நூறு வருடம் பழையது என்றால் கல்லும் இயற்கையாகத்தான் இருக்கும் என்பது. இது பெரிய தவறு. பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னாய் தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-ல் வெளியிட்டார். சில ஆண்டுகளிலேயே அது தொழிற்சாலைப் பொருளாகிவிட்டது. அதனால் 1920, 30-களில் பரவிய ஆர்ட் டெக்கோ என்ற வடிவமைப்புப் பாணி மோதிரங்களில் அசல் வைரங்களுக்குப் பக்கத்திலேயே செயற்கை மாணிக்கமும் செயற்கை நீலமும் சகஜமாக இருக்கும். நகை உண்மையிலேயே அந்தக் காலத்தது, பிளாட்டினம் அசல், வைரம் அசல், சிவப்புக் கல் மட்டும் உலையில் வளர்ந்தது! 10 மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் வளைந்த கோடுகளோ உருண்டைக் குமிழ்களோ தெரிந்தால் சந்தேகப்படலாம். இயற்கைக் கல்லின் வளர்ச்சிக் கோடுகள் நேராகவோ கோணமாகவோ இருக்கும். எதுவுமே தெரியாமல் மிகச் சுத்தமாக இருப்பதும் மகிழ்ச்சியடைய வேண்டிய விஷயம் அல்ல.

அதற்கும் முந்தைய 19-ஆம் நூற்றாண்டில் இரட்டைக் கற்கள் இருந்தன. மேலே கார்னெட் என்ற சிவப்புக் கல்லின் மெல்லிய சீவல், அடியில் நிறக் கண்ணாடி, இரண்டையும் உருக்கி ஒட்டிப் பட்டை தீட்டியிருப்பார்கள். பச்சைக் கண்ணாடி என்றால் மரகதம் மாதிரி, நீலம் என்றால் நீலக்கல் மாதிரி. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: கல்லைக் கவிழ்த்து வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால் ஓரத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் தெரியும். மூடிய பதிப்பில் இருந்தால் இந்தச் சோதனை நடக்காது. அப்போது லென்ஸில் பக்கவாட்டில் பார்த்து, இரண்டு பகுதிகளின் பளபளப்பு மாறும் கோட்டைத் தேட வேண்டும்.

ஆனால் பழைய நகைக்குச் சாதகமாகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாணிக்கத்தையும் நீலத்தையும் மிக உயர்ந்த வெப்பத்தில் சூடேற்றி நிறம் கூட்டுவது 1970-களில்தான் பெரிய அளவில் பரவியது. மாணிக்கத்தின் வெடிப்புகளில் ஈயக் கண்ணாடியை நிரப்பும் வேலை சந்தைக்கு வந்தது 2000-களில். ஆகவே 1930-ல் பதித்து, யாரும் கைவைக்காமல் அப்படியே இருக்கும் ஒரு நீலக்கல்லில் இந்த நவீன வேலைகள் இருக்காது. ‘யாரும் கைவைக்காமல்’ என்பதுதான் கேள்வி. கல் உடைந்தால் மாற்றுவது எல்லாக் காலத்திலும் நடந்திருக்கிறது. கல்லைப் பிடிக்கும் நகங்களில் புதிய அரச் சுவடு, கல்லுக்கும் பள்ளத்துக்கும் இடையே பொருந்தாத இடைவெளி, மற்றவையெல்லாம் தேய்ந்திருக்க ஒரு கல் மட்டும் கூர்மையான பட்டைகளோடு இருப்பது, இவையெல்லாம் மாற்றிய அடையாளங்கள்.

சூடேற்றியது, எண்ணெய் ஏற்றியது, கண்ணாடி நிரப்பியது

தனிக் கல் வாங்குபவர் இங்கேதான் நிதானிக்க வேண்டும். இன்று விற்கும் மாணிக்கத்திலும் நீலத்திலும் பெரும்பகுதி சூடேற்றியவை. வெறும் சூடு மட்டும் என்றால் அந்த நிறம் நிலையானது, நாளைக்கு மாறிவிடாது. முதல் கல்லாக அதை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை, விற்பவர் அதைச் சொல்லி விற்கும்வரை. சூடேற்றாத கல் அரிது என்பதால் விலை ஏறும். அந்தக் கூடுதல் விலையை அறிக்கை இல்லாமல் கொடுப்பது வெறும் வார்த்தைக்குக் கொடுப்பது.

ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் முற்றிலும் வேறு. அதில் கண்ணாடியின் பங்கு மிக அதிகமாக இருக்கலாம். மோதிரத்தின் அளவை மாற்ற ஊதுகுழல் தீயைக் காட்டினால் கண்ணாடி உருகிச் சிதையும்; எலுமிச்சைச் சாறு போன்ற மென்மையான அமிலமே அதை அரித்துவிடும். லென்ஸில் தட்டையான குமிழ்களும், கல்லை அசைக்கும்போது வெடிப்புகளில் நீல மின்னலும் தெரியும். இதையும் வெறுமனே ‘இயற்கை மாணிக்கம்’ என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. பெரிய, பளிச்சென்ற மாணிக்கம் நம்ப முடியாத மலிவில் கிடைத்தால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

மரகதத்தில் எண்ணெய் ஏற்றுவது பழைய வழக்கம். உள்ளே செடி கொடிபோல் வெடிப்புகள் இல்லாத மரகதம் அபூர்வம், அவற்றை மங்கச் செய்ய எண்ணெயோ பிசினோ ஏற்றுவார்கள். ஏற்றியிருக்கிறதா என்பதைவிட எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்று கேளுங்கள். ஆய்வுக்கூடங்கள் அதைக் குறைவு, மிதம், அதிகம் என்று அறிக்கையில் குறிப்பிடுகின்றன.

வைரம்: பழைய வெட்டு, புதிய வெட்டு, ஆய்வகத்தில் வளர்ந்தது

மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-ல் வைரத்தின் கோணங்களைக் கணக்கிட்டு வெளியிட்டார். இன்றைய வட்ட வெட்டு அந்த வழியில் வந்தது. அதற்கு முந்தைய வெட்டுகள் கையாலும் கண்ணாலும் செய்தவை: மேல்பகுதி உயரம், மேல் முகம் சிறியது, அடிமுனையைத் தட்டையாக வெட்டியிருப்பதால் மேலிருந்து பார்த்தால் நடுவில் சின்ன வட்டம் தெரியும். புதிய வெட்டு வெள்ளை ஒளியைத் தெறிக்கும். பழைய வெட்டு மங்கிய விளக்கில் பெரிய பெரிய வண்ணத் துண்டுகளாக ஒளியைச் சிதறடிக்கும். எனக்குப் பழைய வெட்டுதான் பிடிக்கும். சமச்சீர் இல்லாத அந்தப் பட்டைகளில் வெட்டியவரின் கை தெரிகிறது.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வேதியியலில் வைரமேதான். வெப்பத்தைச் சோதிக்கும் சிறு கருவி அதையும் இயற்கை வைரத்தையும் பிரிக்காது. வைரம் போலவே தோன்றும் வேறு கல்லான மொய்சனைட்டைக்கூட வைரம் என்று காட்டிவிடும். அணிய மட்டும் வேண்டும், திரும்ப விற்கும் எண்ணம் இல்லை என்றால் ஆய்வக வைரம் நல்ல தேர்வு. ஆனால் இப்போது ஆய்வக வைரங்களையும் பழைய பாணியில் வெட்டுகிறார்கள். வெட்டைப் பார்த்து வயதை முடிவு செய்யக் கூடாது.

வேலைப்பாட்டைப் படிப்பது

பழைய நகையில் எனக்கு மிகவும் சுவையான பகுதி இது. கல்லைவிட உலோகம் உண்மையை அதிகம் சொல்லும்.

முதலில் நகையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் வைரத்தை வெள்ளியில் பதித்து, பின்னால் தங்கம் வைப்பது வழக்கம். வெள்ளைத் தங்கம் பரவியது 1910-களுக்குப் பிறகு. முழுக்க வெள்ளைத் தங்கத்தில் செய்த மோதிரத்தை ‘1870-களின் நகை’ என்று ஒருவர் விற்றால் அது அப்படி இருக்க முடியாது. உடையில் குத்திக்கொள்ளும் புரோச்சின் ஊசியைப் பிடிப்பது சாதாரண வளைந்த கொக்கியா, பூட்டும் கொக்கியா? பூட்டுவது 20-ஆம் நூற்றாண்டின் பக்கம் கைகாட்டும், அல்லது பின்னால் மாற்றியிருக்கிறார்கள். காதில் கவ்வும் கிளிப் பரவியது 1930-களில்.

அடுத்து, உலோகத்தைத் துளைத்துச் செய்த வேலைப்பாட்டின் உள் ஓரங்கள். வாளால் அறுத்து அரத்தால் தேய்த்திருந்தால் ஓரம் கூர்மையாக, லேசான அறுவைக் கோடுகளோடு இருக்கும். வார்ப்பில் எடுத்த நகலில் ஓரம் மழுங்கி, மறைவான இடங்களில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். பழைய பாணியில் இன்று செய்த நகல்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும். பள்ளங்களில் கருமை ஒரே சீராக இருந்தால் அது பூசியது. உண்மையான தேய்மானம் உரசும் இடங்களில் மட்டும் வரும்: மோதிரத்தின் அடிவளையம், சங்கிலிக் கண்ணிகள் ஒன்றை ஒன்று தொடும் இடம், மூட்டுகளின் உட்புறம்.

முத்திரைகள் உதவும், தனியாக நிரூபிக்காது. பிரிட்டனில் 15 காரட் தங்க முத்திரை 1854 முதல் 1932 வரை மட்டுமே இருந்தது. அது கிடைத்தால் காலம் அநேகமாகப் பிடிபட்டுவிடும். கழுகுத் தலை 18 காரட் தங்கத்துக்கான பிரெஞ்சு முத்திரை. 750 என்ற எண்ணும் 18 காரட்தான். அளவு மாற்றும்போது முத்திரை அழிந்திருக்கலாம், ஆகவே இல்லாதது குற்றம் இல்லை. இரண்டு நகைகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியதும் உண்டு; பூச்சு மாதிரி சாம்பல் நிறத்தில் ஈயப் பற்றவைப்பு தெரிந்தால் அந்த இடத்தை நன்றாகப் பாருங்கள்.

கற்களின் வரலாறும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். டான்சனைட் தான்சானியாவில் 1967-ல் கிடைத்தது. வைரம் போலத் தோன்றும் செயற்கைக் கல்லான கியூபிக் சிர்கோனியா 1970-களில் நகைச் சந்தைக்கு வந்தது. இவை இருக்கும் நகை நூறு வருடம் பழையது என்றால் கல் மாற்றியது, இல்லையென்றால் நகையே புதிது. மறுபக்கம், 18-ஆம் நூற்றாண்டில் கையால் பட்டை தீட்டிய கண்ணாடிக் கற்கள் பதித்த நகைகளைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அங்கே கல்லுக்கு மதிப்பே இல்லை, வேலைக்குத்தான் மதிப்பு.

அணிவதற்கு எது?

காற்றிலுள்ள தூசியில் குவார்ட்ஸ் துகள் உண்டு. கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் அது 7. அதைவிட மென்மையான கல் தினமும் அணியும் மோதிரத்தில் மெல்ல மங்கும். மாணிக்கமும் நீலமும் 9, ஸ்பைனல் 8, தாங்கும். மரகதம் 7.5 முதல் 8 வரை இருந்தாலும் உள் வெடிப்புகளால் இடி தாங்காது. ஓபலும் முத்தும் காதுக்கும் கழுத்துக்கும் சரி. பழைய மோதிரம் என்றால் கல்லைப் பிடிக்கும் நகங்கள் மெலிந்திருக்கும், அணியத் தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டும். தினமும் அணிய ஒரே ஒரு மோதிரம் வேண்டும் என்பவருக்குத் தனிக் கல்லும் புதிய பதிப்பும்தான் என் பரிந்துரை. விசேஷங்களுக்கு மட்டும் என்றால் பழையது தாராளமாக வாங்கலாம்.

காகிதம்

ஜிஐஏ, எஸ்எஸ்இஎஃப், குபெலின் போன்ற ஆய்வுக்கூடங்களின் அறிக்கை கல் என்ன, இயற்கையா, என்ன செய்திருக்கிறார்கள் என்று சொல்லும், விலையைச் சொல்லாது. கல் எந்த நாட்டில் கிடைத்தது என்பது ஆய்வாளரின் கருத்து, எடை போல அளந்து சொல்வது அல்ல. கல் நகையில் பதிந்திருந்தால் பதிப்பு அனுமதித்த அளவுக்கே சோதித்தோம் என்று அறிக்கையிலேயே இருக்கும். முத்து மட்டும் தனி: இயற்கையா வளர்ப்பா என்பதை எக்ஸ்ரே எடுத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அறிக்கை எண்ணை ஆய்வுக்கூடத்தின் தளத்தில் சரிபார்த்து, அளவுகள் கையிலிருக்கும் கல்லோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பழைய நகைக்கு ரசீதில் உலோகம், உத்தேசக் காலம், கல் இயற்கையா செயற்கையா, எதையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். ஆய்வில் வேறாக வந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். வாயால் எல்லாம் சொல்லி, எழுதித் தர மட்டும் தயங்குபவரிடம் நகையை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.