நடுவில் எழுந்து போனாலும் கெடாத ஆட்டம் எது? கிறிஸ்துமஸ் கூடுகைக்கான ஓர் ஒப்பீடு

சென்ற கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் 11 பேர் கூடியிருந்தோம். எல்லாருக்கும் மூத்தவர் 82 வயதான என் பெரியம்மா. எல்லாருக்கும் இளையவன் அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த ஆறு வயதுத் தங்கை மகன். இடையில் கல்லூரியில் படிக்கும் இருவர், 12 வயதான அக்கா மகள், மற்றவர்கள் என்னைப் போன்ற நடுத்தர வயதினர். மதிய உணவுக்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து விளையாட ஏதாவது ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னுடையது. அதற்கு முந்தைய ஆண்டு அதே பொறுப்பை ஏற்றுக் கோட்டைவிட்டதும் நானே என்பதால், இம்முறை கண்ணில் பட்ட பெட்டியை வாங்கி வந்துவிடாமல், சில ஆட்டங்களை முன்கூட்டியே ஆடிப் பார்த்தும் விதிகளைப் படித்தும் தேர்ந்தெடுத்தேன். எந்த ஆட்டத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

முந்தைய ஆண்டு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலம் வாங்கி, வீடு கட்டி, வாடகை வசூலிக்கும் பிசினஸ் ஆட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு விரித்தோம். ஒரு மணி நேரத்தில் அக்கா மகள் கையிருப்பு முழுவதையும் இழந்து, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வெளியேறினாள். நான்கரைக்கு வந்து சேர்ந்த சித்தப்பாவுக்கு உட்கார இடமிருந்தது, ஆட இடமில்லை. அடுப்பைப் பார்க்கப் போன அக்காவின் முறை வரும்போதெல்லாம் மற்ற அனைவரும் காத்திருந்தோம். ஆறு மணிக்கு இருவர் மட்டும் ஆடிக்கொண்டிருக்க, எஞ்சியவர்கள் ஆளுக்கொரு கைப்பேசியில் மூழ்கியிருந்தார்கள். இதற்கு ஆட்டத்தைக் குறை சொல்லவும் முடியாது. இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூதாதையாகக் கருதப்படுவது 1904இல் அமெரிக்காவில் லிசி மேகி காப்புரிமை பெற்ற நிலக்கிழார் ஆட்டம். நில வாடகை ஒருவரைச் செல்வராக்கி மற்றவர்களை ஓட்டாண்டியாக்குவதை எடுத்துக்காட்டவே அவர் அதை உருவாக்கினார். எல்லாரையும் ஓட்டாண்டியாக்கவென்றே பிறந்த ஆட்டத்தைப் பண்டிகை நாளில் நடுக்கூடத்தில் விரித்தது எங்கள் பிழை.

விதிகள் எளிமையாக இருக்க வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், ஓர் ஆட்டம் அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பவையெல்லாம் யாருக்கும் தெரிந்தவை. என் அனுபவத்தில் தேர்வைத் தீர்மானிப்பது வேறொன்று: ஆட்டத்தின் நடுவில் ஒருவர் எழுந்து போனால் என்ன ஆகிறது, நடுவில் ஒருவர் வந்தால் என்ன ஆகிறது. கிறிஸ்துமஸ் பிற்பகலில் எவரும் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்வதில்லை. வாழ்த்துச் சொல்ல யாரேனும் வருகிறார்கள், தொலைபேசி ஒலிக்கிறது, நள்ளிரவு ஆராதனைக்குப் போய் வந்தவர்களுக்குக் கண் சொருகுகிறது, குழந்தை அழுகிறது. ஆகவே ஒவ்வோர் ஆட்டத்தையும் இந்த ஒரு கேள்வியைக் கொண்டே எடைபோட்டேன்.

ஊனோ பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து முடிதிருத்துநரான மெர்ல் ராபின்ஸ் 1971இல் உருவாக்கிய இந்தச் சீட்டாட்டத்தை 10 பேர் வரை ஆடலாம். நிறமும் எண்ணும் தெரிந்தால் போதும். ஆனால் 10 பேர் ஆடும்போது, தன் முறை சுற்றி வருவதற்குள் சிறுவர்கள் பொறுமை இழந்துவிடுகிறார்கள். அடுத்தவரை இரண்டு சீட்டு எடுக்க வைக்கும் கூட்டல் இரண்டின் மேல், நான்கு எடுக்க வைக்கும் கூட்டல் நான்கை அடுக்கலாமா என்ற வழக்கும் எங்கள் வீட்டில் தவறாமல் எழும். அடுக்கக் கூடாது என்பதே ஆட்டத்தின் விதி. ஆனால் விதித்தாளைக் காட்டி எங்கள் வீட்டில் யாரும் வென்றதில்லை. எழுந்து போகிறவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகலாம், வருகிறவர் அடுத்த ஆட்டம் வரை காத்திருக்க வேண்டும். நான்கைந்து பேருக்கு நல்ல ஆட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தவரை தம்போலாவை மிஞ்ச ஒன்றுமில்லை. சிலர் ஹவுசி என்று சொல்லும் இந்த ஆட்டத்தில் 30 பேரானாலும் ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்து உட்கார வைத்துவிடலாம். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்தாக 15 எண்கள், கூப்பிடும் எண் இருந்தால் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பெரியம்மாவும் ஆறு வயதுப் பையனும் முற்றிலும் சமமாக நிற்கும் இடம் இது. இருப்பினும் தோன்றுவதைவிட இது நீளமான ஆட்டம். 90 எண்களில் தன் 15 எண்களும் வந்தால்தான் முழு வீடு என்பதால், ஆட்டத்தில் 12 சீட்டுகள் இருந்தால் பெரும்பாலும் 70 எண்களுக்கு மேல் கூப்பிட்ட பிறகே ஒருவர் அதை அடிப்பார். அதுவரை நடுவில் வந்தவர் சும்மா இருக்க வேண்டும். எழுந்து போனவரின் சீட்டைப் பக்கத்தில் இருப்பவர் சுமக்க வேண்டும். அதோடு, ஆண்டுக்கு ஒருமுறை கூடும் உறவினர்கள் தத்தம் சீட்டின்மேல் குனிந்தபடி ஒருவரோடொருவர் பேசாமல் எண் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு உவப்பாக இல்லை. இது என் தனிப்பட்ட ருசி. எங்கள் வீட்டிலேயே தம்போலாவுக்கு உறுதியான ஆதரவாளர்கள் உண்டு.

பேசாமல் சைகையால் நடித்துக் காட்டும் ஆட்டத்துக்குப் பெட்டியே தேவையில்லை. வருகிறவர் எந்த அணியிலும் சேரலாம், போகிறவரால் எதுவும் கெடாது. என் கேள்வியில் இது முழுத் தேர்ச்சி பெறுகிறது. ஆனால் ஒவ்வொருவரும் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நிற்க வேண்டும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்களும் கூச்ச சுபாவம் உள்ளவர்களும் முதல் முறையிலேயே பின்வாங்கிவிடுகிறார்கள். திரைப்படப் பெயர்களை வைத்து ஆடினால், பெரியம்மா சொல்லும் படம் பிள்ளைகளுக்குத் தெரியாது, பிள்ளைகள் சொல்லும் படம் பெரியம்மாவுக்குத் தெரியாது. பழமொழிகளை வைத்து ஆடியபோது ஓரளவு தேவலாம் என்றிருந்தது. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பதை நடிக்க வந்த மைத்துனர் இரண்டு நிமிடம் ஒற்றைக் காலில் நின்றது இன்றுவரை பேசப்படுகிறது.

உண்மையான போட்டி டிக்ஸிட்டுக்கும் ஜஸ்ட் ஒன்னுக்கும் இடையில்தான். டிக்ஸிட் 2008இல் வெளிவந்து, சிறந்த ஆட்டத்துக்கு ஜெர்மனியில் ஆண்டுதோறும் வழங்கப்படும் ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருதை 2010இல் பெற்றது. கனவில் வருவன போன்ற 84 படச்சீட்டுகள், ஆளுக்கு ஆறு. கதைசொல்லியாக இருப்பவர் தன் சீட்டு ஒன்றுக்கு ஏற்ற சொல்லையோ சொற்றொடரையோ சொல்லிவிட்டு அதைக் கவிழ்த்து வைக்க, மற்றவர்கள் அதே சொல்லுக்குப் பொருந்துவதாகத் தங்களிடமுள்ள சீட்டு ஒன்றைச் சேர்க்கிறார்கள். கலைத்து விரித்த பிறகு, கதைசொல்லியின் சீட்டு எது என்று வாக்களிக்க வேண்டும். சீட்டில் எழுத்தே இல்லாததால் எந்த மொழியிலும் ஆடலாம், வாசிக்கத் தெரியாத குழந்தையும் ஆடலாம் என்பது பெரிய வசதி.

சிக்கல் மதிப்பெண்ணில் இருக்கிறது. எல்லாரும் கண்டுபிடித்துவிட்டாலும் ஒருவருமே கண்டுபிடிக்காவிட்டாலும் கதைசொல்லிக்கு ஒன்றுமில்லை, மற்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு. காட்டியும் காட்டாமலும் சொல்ல வேண்டிய இந்த நுட்பமே பெரியவர்களுக்குச் சுவை, குழந்தைக்கோ அது முள். எங்கள் பையன் படத்தில் நத்தையைப் பார்த்து 'நத்தை' என்றான், எல்லாரும் கண்டுபிடித்தார்கள், அவனைத் தவிர எல்லாருக்கும் மதிப்பெண் கிடைத்தது. சரியாகச் சொன்னது தப்பா என்று அவன் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. பழைய பதிப்பை 6 பேரும், 2021இல் வந்த பதிப்பை 8 பேரும் மட்டுமே ஆடலாம். ஒருவர் பாதியில் எழுந்து போனால் அவருடைய ஆறு சீட்டுகளும் மதிப்பெண் பலகையில் நிற்கும் அவருடைய முயல் காயும் கேட்பாரற்றுக் கிடக்கும். மதிப்பெண்ணைத் தூக்கி எறிந்துவிட்டுப் படங்களை மட்டும் வைத்து ஆடினால் இந்தக் குறைகளில் பாதி நீங்கிவிடும் என்று நினைக்கிறேன். இரண்டே அமர்வுகளை வைத்துச் சொல்வது இது. நெடுநாள் ஆடிப் பழகிய குடும்பத்தின் தீர்ப்பு வேறாக இருக்கலாம்.

ஜஸ்ட் ஒன் 2018இல் வெளிவந்தது; 2019இல் அதே விருதைப் பெற்றது. ஒருவர் கண்டுபிடிப்பவர். அவருக்குத் தெரியாமல் மற்றவர்கள் ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டு, அதற்கான துப்பை ஒரே சொல்லில், பக்கத்தில் இருப்பவருக்கும் காட்டாமல் எழுதுகிறார்கள். பிறகு, கண்டுபிடிப்பவர் கண்ணை மூடியிருக்கும்போது, எழுதியவற்றை ஒப்பிட்டு, ஒரே துப்பை இருவர் எழுதியிருந்தால் இரண்டையும் நீக்கிவிடுகிறார்கள். எஞ்சியவற்றைக் கொண்டு அவர் சொல்லை ஊகிக்க வேண்டும். 13 சொற்களில் எத்தனையைப் பிடித்தோம் என்பதே மதிப்பெண், அதுவும் எல்லாருக்கும் பொதுவானது. தவறாகச் சொன்னால் அடுத்த சொல்லும் சேர்ந்து போய்விடும்; தெரியாது என்று விட்டுவிட்டால் அந்த ஒன்று மட்டும் போகும்.

என் கேள்விக்கு இந்த ஆட்டம் அளிக்கும் விடைதான் என்னைச் சாய்த்தது. ஒரு சொல்லுக்கு இரண்டு, மூன்று நிமிடங்கள். யார் கையிலும் சீட்டு மிச்சமில்லை, யார் பெயரிலும் கணக்கு இல்லை. ஆகவே ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் கதவு திறந்தே இருக்கிறது. சென்ற ஆண்டும் சித்தப்பா தாமதமாகத்தான் வந்தார். ஏழாவது சொல் நடந்துகொண்டிருந்தது. அதை வேடிக்கை பார்த்தார். எட்டாவது சொல்லுக்கு அவர் கையில் அட்டையும் பேனாவும் இருந்தன. விதியை எவரும் விளக்கவில்லை. அக்கா சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே ஆடினார். ஒருமுறை அங்கிருந்தபடியே துப்பை உரக்கச் சொல்ல, அது கண்டுபிடிக்க வேண்டியவர் காதிலேயே விழுந்து, அந்தச் சொல்லைக் கைவிட நேர்ந்தது. அன்றைய சேதம் அவ்வளவே.

பெட்டி 7 பேருக்கானது. நான் வாங்கியதில் இருந்த சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை மொழிபெயர்க்க முயன்று பாதியில் விட்டுவிட்டு, நூற்றைம்பது துண்டுத்தாள்களில் நாங்களே தமிழ்ச் சொற்களை எழுதினோம். துப்பு எழுதத் தடித்த அட்டைகளும் பட்டையாக எழுதும் பேனாக்களும் போதும். பென்சிலில் எழுதினால் எதிரில் இருக்கும் மூத்தவர்களுக்குத் தெரியாது. மூத்தவருக்கும் இளையவருக்கும் ஒருசேரத் தெரிந்த பொருட்பெயர்களையே எடுத்தோம். நடிகர் பெயர், செயலியின் பெயர் போன்றவற்றை விலக்கினோம். ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உடைய சொற்களே மிகச் சிறப்பாக அமைந்தன: ஆறு, மாலை, திங்கள், நூல். வேற்றுமை உருபு ஏறிய சொல்லை என்ன செய்வது என்ற தகராறு முதல் சுற்றிலேயே வந்தது. அடிச்சொல் ஒன்றாக இருந்தால் இரண்டையும் நீக்குவது என்று முடிவு செய்தோம்.

ஒரு சுற்றை மட்டும் சொல்கிறேன். சொல் 'படி'. கண்டுபிடிக்க வேண்டியவள் அக்கா மகள். மூவர் 'மாடி' என்றும் ஒருவர் 'மாடியில்' என்றும் எழுதியிருந்ததால் நான்கு அட்டைகள் ஒரேயடியாகக் கவிழ்ந்தன. எஞ்சியவற்றில் 'ஏணி', 'தேர்வு', 'நெல்' மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவள் ஏணியையும் தேர்வையும் மாறிமாறிப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, சட்டென்று 'படி' என்றாள். பிறகு, நெல் எப்படி வந்தது என்று கேட்டாள். அது பெரியம்மாவின் துப்பு. படி என்பது ஓர் அளவு என்றும், அதில் பாதி உரி, அதிலும் பாதி உழக்கு என்றும் அவர் கையால் அளவு காட்டி விளக்கியதில் அடுத்த சொல் ஐந்து நிமிடம் தள்ளிப்போனது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

எழுதத் தடுமாறும் பையனையும் கண் மங்கிய பெரியம்மாவையும் ஓர் அணியாக்கினோம். தாளில் உள்ள சொல்லை அவன் எழுத்துக்கூட்டி அவர் காதில் சொல்ல, அவர் துப்பை அவன் காதில் சொல்ல, அவன் எழுதினான். எழுத்துப்பிழையை நாங்கள் பொருட்படுத்தவில்லை. இருவர் கிசுகிசுத்ததும் சில வேளை மற்றவர்களுக்குக் கேட்டுவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. 11 பேர் ஆடினால் துப்புகள் கூடிவிடுவதால் சொல் எளிதாகிவிடுகிறது. எங்கள் வீட்டில் இருவர் இருவராகச் சேர்ந்து ஆறு அட்டைகளுக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் சரியானது. அதைவிடப் பெரிய கூட்டத்தில் ஆடிய அனுபவம் எனக்கு இல்லை. அங்கே தம்போலாவே கைகொடுக்கும் என்று தோன்றுகிறது. வெற்றி தோல்வி இல்லாத ஆட்டம் கல்லூரிப் பிள்ளைகள் இருவருக்கும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு உப்புச்சப்பில்லாமல் போய்விட்டது. அவர்கள் ஊனோவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்கள். நாங்கள் தொடர்ந்தோம். மூன்று பேர் மட்டுமே இருந்தால் துப்பு கொடுப்பவர் ஆளுக்கு இரண்டு எழுத வேண்டும் என்பது விதி. அப்படி ஆடியபோது களைகட்டவில்லை, அத்தகைய சிறு கூட்டத்துக்கு நான் டிக்ஸிட்டைத்தான் எடுப்பேன். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மேலே சொன்ன எதுவும் ஆகாது. அவர்களுக்கு அந்தத் துண்டுத்தாள்களைக் குலுக்கி எடுத்துத் தரும் வேலையைக் கொடுத்தால் பத்து நிமிடம் தாங்கும்.