18 வயதுக்குள் ஆஸ்திரேலியா போகும் மாணவர்: உறவினர் வீடா, 590 விசாவா, கல்லூரிப் பொறுப்பா?

500 மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால், அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைக் காட்டாமல் விசா கிடைக்காது. பிளஸ் டூ முடித்த கையோடு கிளம்பும் 17 வயதுக்காரர்களுக்கும் இதே விதிதான். மூன்று வழிகள் உண்டு. அங்கே வசிக்கும் உறவினரைக் காட்டலாம். பெற்றோரில் ஒருவரோ உறவினரோ 590 கார்டியன் (பாதுகாவலர்) விசாவில் கூடவே போகலாம். அல்லது படிக்கும் நிறுவனமே பொறுப்பேற்று, சிஏஏடபிள்யூ எனப்படும் நலப் பொறுப்புக் கடிதம் தரலாம். செலவைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் ஏற்பாடு பாதியில் கலைந்தால் மாற்று ஏற்பாட்டை யார் செய்வார்கள் என்பதை முதலில் கேட்பது நல்லது.

உறவினர் வழிதான் மலிவு. ஆனால் சட்டம் ஏற்கும் உறவுப் பட்டியல் நம் வீட்டுப் பட்டியலைவிடச் சின்னது. தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர், அத்தை, மாமா, சித்தி, சித்தப்பா, பெரியம்மா, பெரியப்பா போன்ற நெருங்கிய உறவுகள்தான். பெரியப்பா மகன், மாமா மகள் எல்லாம் கணக்கில் வரமாட்டார்கள். அப்பாவின் நண்பர் இருபது வருடப் பழக்கமானாலும் பயனில்லை. காட்டப்படுபவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், நன்னடத்தைக்குப் போலீஸ் சான்று வேண்டும், பிள்ளைக்கு 18 ஆகும்வரை அல்லது மாணவர் விசா முடியும்வரை அங்கே தங்கும் உரிமை இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மாமா தற்காலிக விசாவில் இருந்து, அது பிள்ளையின் பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பே முடிந்தால் விண்ணப்பம் நிற்காது.

பெற்றோர் 157-என் படிவத்தில் உறவினரைப் பரிந்துரைக்க வேண்டும். கூடவே உறவை நிரூபிக்கும் சான்றுகள் சங்கிலிபோல் இணைய வேண்டும்: பிள்ளையின் பிறப்புச் சான்றில் அம்மா பெயர், அம்மாவின் சான்றிலும் மாமாவின் சான்றிலும் ஒரே தாத்தா பாட்டி பெயர். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் முழுப்பெயர், மூன்றாவதில் வேறு எழுத்துக்கூட்டல் என்றால் அதிகாரிக்கு இவர் யார், அவர் யார் என்றே தெரியாது. இருவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எடுத்து முன்கூட்டியே இணைத்துவிடுங்கள். அத்தையின் கணவரைக் காட்டுவதைவிட அத்தையையே காட்டுவது காகித அளவில் எளிது. இந்த வழியில் பிள்ளையின் தங்குமிடத்துக்குக் கல்லூரி பொறுப்பேற்பதில்லை. அத்தை வேறு ஊருக்கு மாறினாலோ, மனஸ்தாபம் வந்தாலோ, புதிய ஏற்பாட்டைத் தேடி ஆஸ்திரேலிய உள்துறையின் ஒப்புதல் வாங்குவது பெற்றோர் தலையில்தான் விழும்.

590 விசாவில் அம்மாவே கூடப் போவது கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. பிள்ளையோடு ஒரே வீட்டில் தங்க வேண்டும். தகுந்த காரணமும் மாற்று ஏற்பாடும் காட்டாமல் பிள்ளையை விட்டுவிட்டுத் தனியாக ஊருக்கு வர முடியாது. தம்பி கல்யாணம் என்றாலும் இதே விதிதான். 6 வயது கடந்த இன்னொரு குழந்தையை இதில் சேர்க்க முடியாது. பணமும் இரட்டிப்பு: 2024 மே 10 முதல் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு மாணவருக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும், கார்டியனுக்கும் அதே தொகை. பத்தாம் வகுப்பு, அதற்குக் கீழே என்றால் யோசிக்கலாம். ஆறு மாதத்தில் 18 ஆகப்போகிற பிள்ளைக்காக ஒருவர் வேலையை விடுவது வீண்.

அப்படிப்பட்ட 17 வயதுக்காரருக்குப் பொருத்தமானது கல்லூரியின் பொறுப்புக் கடிதம். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் நிறுவனங்களுக்கான ஆஸ்திரேலியத் தேசிய நெறிமுறை 2018-இன் 5ஆம் விதிப்படி, நிறுவனம் தங்குமிடத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவதும் சரிபார்க்க வேண்டும். தங்குமிடம் தருகிற பெரியவர்களுக்குக் குழந்தைகளோடு பணிபுரியும் தகுதிச் சான்று வேண்டும் (குயின்ஸ்லாந்தில் புளூ கார்டு என்பார்கள்). ஹோம்ஸ்டே (உள்ளூர்க் குடும்பத்தோடு தங்குவது) தரும் முகவரிடம் அந்தச் சான்று வீட்டில் யார் யாருக்கு இருக்கிறது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘எல்லாம் இருக்கு’ என்பது பதில் ஆகாது. எல்லா நிறுவனங்களும் இந்தக் கடிதம் தருவதில்லை. தருகிறவையும் தாங்கள் ஏற்ற ஹோம்ஸ்டே அல்லது விடுதியில்தான் தங்கச் சொல்லும். ஆகவே கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு தேதிகள். தொடக்கத் தேதிக்கு முன் பிள்ளை ஆஸ்திரேலியாவில் கால் வைக்கக் கூடாது. மலிவான டிக்கெட் கிடைத்ததென்று நான்கு நாள் முன்னதாக ஏறினால் மாணவர் விசாவின் 8532 நிபந்தனையை மீறியதாகிவிடும். முடிவுத் தேதி படிப்பு முடிந்து குறைந்தது ஏழு நாள் தள்ளியோ, 18ஆம் பிறந்தநாள் வரையோ இருக்க வேண்டும்.

ஆங்கிலப் படிப்பும் பட்டப்படிப்பும் சேர்ந்த தொகுப்பில் இரண்டு நிறுவனங்கள் இருக்கலாம். டிசம்பரில் ஆங்கிலம் முடிந்து பிப்ரவரி கடைசியில் பல்கலைக்கழகம் தொடங்கினால், நடுவில் உள்ள வாரங்களுக்கு யார் பொறுப்பு என்று இருவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். பள்ளி விடுதியிலும் இதே ஓட்டை உண்டு. பருவ விடுமுறையில் விடுதியை மூடினால், அந்த நாட்களுக்கு ஒப்புதல் பெற்ற ஹோம்ஸ்டே தனியாக வேண்டும்.

இந்த வழியின் குறை, கண்டிப்பு. நண்பன் வீட்டில் ஓர் இரவு தங்கக்கூட முன்கூட்டியே கேட்க வேண்டியிருக்கும். சொல்லாமல் அறையைக் காலி செய்து நண்பர்களோடு குடியேறினால், கல்லூரி தன் ஒப்புதலை விலக்கிக்கொள்ளலாம். விலக்கினால் 24 மணி நேரத்துக்குள் உள்துறைக்குச் சொல்லியாக வேண்டும். அதன்பின் விசாவே ரத்தாகலாம். சாப்பாடு பிடிக்கவில்லை, வீடு தூரம் என்றால் முதலில் கல்லூரியின் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, வேறு வீடு உறுதியான பிறகே பெட்டியைக் கட்ட வேண்டும்.

எந்த வழி எடுத்தாலும், பிள்ளை எங்கே வசிப்பது என்று முடிவு செய்யும் சட்ட உரிமை உள்ளவர்களின் சம்மதம் 1229 படிவத்தில் வேண்டும். பெற்றோர் பிரிந்திருந்தால் இதற்கே நாளாகும். நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகலைச் சேர்க்க வேண்டும். 18 ஆவதற்குள் கல்லூரி மாற நினைத்தால், பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு புதிய நிறுவனம் பொறுப்பேற்பதை உறுதி செய்ய வேண்டும். பழைய கடிதம் முடியும் நாளுக்கும் புதியது தொடங்கும் நாளுக்கும் இடையே ஒரு நாள்கூட இடைவெளி விழக்கூடாது.