280 ரூபாய் வாசனை எண்ணெயும் அஞ்சறைப் பெட்டிப் பெருங்காயமும்

தூண்டில் நரம்பு (நைலான் இழை) வாங்கத்தான் மீன்பிடி சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் பேச்சில் மயங்கி ஒரு பாட்டில் வாசனை எண்ணெயும் வாங்கி வந்துவிட்டேன். ஸ்ட்ராபெரி வாசம், 60 மில்லி, 280 ரூபாய். "இரையில ரெண்டே சொட்டுண்ணே, ரோகு மீன் தேடி வரும்" என்றார். ரோகுவுக்கு ஸ்ட்ராபெரி யார் ஊட்டிப் பழக்கியது என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் இரண்டு தூண்டில் போட்டேன். ஒன்றில் வெறும் மைதா உருண்டை, பாட்டில் எண்ணெய் விட்டது. இன்னொன்று என் வழக்கமான இரை. கடலைப் புண்ணாக்கை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துப் பொடித்து, மைதாவில் பாதியளவு சேர்க்க வேண்டும். சுண்டைக்காய் அளவு பெருங்காயத்தை வெந்நீரில் கரைத்து, அந்தத் தண்ணீரிலேயே பிசைய வேண்டும். பதம் காது மடல் மாதிரி இருக்கணும். இளகினால் வீசும்போதே உருண்டை தனியாகப் பறக்கும். இறுகினால் கரையாது, கரையாத இரையிலிருந்து வாசம் எங்கே வரும்? கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்தால் முள்ளை விட்டு நகராது. புண்ணாக்கை மிக்ஸியில் அரைத்ததற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனி.

காலை 6 முதல் 10 வரை உட்கார்ந்தேன். இடத்து ராசி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று 8 மணிக்கு இரண்டையும் இடம் மாற்றியும் போட்டேன். புண்ணாக்குக்கு ஐந்து ஜிலேபி மீன், ஒன்றரைக் கிலோவில் ஒரு ரோகு. ஸ்ட்ராபெரிக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு ஜிலேபி.

காரணம் கண்ணெதிரே மிதந்தது. இரை அடியில் கிடக்க, எண்ணெய் மட்டும் மேலே வந்து வானவில் நிறத்தில் படலமாகப் பரவியிருந்தது. ரோகு நடுத்தண்ணீரில் மேய்வது, மிர்கால் தரையில் மேய்வது. மேலே போன வாசத்தால் அவற்றுக்கு என்ன லாபம்? பெருங்காயத் தண்ணீர் இரை கரையக் கரைய அங்கேயே பரவும். கட்லா மேல்மட்டத்து மீன். அதற்கு வேண்டுமானால் இந்த எண்ணெய் எடுபடலாம். அன்று கட்லா ஒன்றும் கடிக்கவில்லை. கெளுத்திக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். மீசையாலேயே ருசி பார்க்கிற மீன் அது, கோழிக்குடல் போதும்.

பாட்டிலுக்கு ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண். அந்த அரையும் வாசனைக்குத்தான். மூடி சரியில்லை, பைக்குள் கசிந்து என் தயிர்சாதத்துக்கும் ஸ்ட்ராபெரி ஏறிவிட்டது. மிச்ச எண்ணெயைப் பையன் எடுத்து சைக்கிள் செயினுக்கு விட்டுவிட்டான். அவன் ட்யூஷன் முடிந்து வருவது இப்போது தெருமுனையிலேயே மணக்கிறது.