கல்லீரல் கட்டிக்கு ஒரே ஒரு கட்ட சிடி ஸ்கேன் எடுத்துக் கொடுத்தால் ஏமாறாதீர்கள்

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ளவருக்கு அல்ட்ராசவுண்டில் 2 செ.மீ. கட்டி ஒன்று தெரிகிறது. அடுத்து கான்ட்ராஸ்ட் சிடி, அதாவது சாய மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன். ரிப்போர்ட்டில் ஒரே வரி: 'கல்லீரலில் கருமையான பகுதி, பயாப்ஸி தேவை.' அதாவது ஊசியால் திசு எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். படங்களைப் புரட்டினால் சாய மருந்து ஏற்றி 70 விநாடி கழித்து ஒரே ஒருமுறை எடுத்திருப்பார்கள். முழுக் கட்டணம், அரைகுறை வேலை. இந்தக் கூத்து அடிக்கடி நடக்கிறது.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு, குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியே வருகிறது. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வளர்கிறது. அதனால் மருந்து ஏற்றிய 35 விநாடி வாக்கில் கட்டி பளிச்சென்று வெளுக்கும்; 70 விநாடியிலோ 3 நிமிடம் கழித்தோ எடுத்த படத்தில் சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிவிடும். சிரோசிஸ் அல்லது நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்கு 1 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டியில் இந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் பயாப்ஸி இல்லாமலே நோயை உறுதிசெய்யலாம். 35 விநாடியில் எடுக்க வேண்டிய முதல் கட்டத்தை விட்டுவிட்டு ஊசி குத்தச் சொல்வது அநியாயம்: ரத்தக் கசிவு, ஊசித் தடத்தில் புற்று பரவுவது என்று அதற்கு ஆபத்துகள் உண்டு. சீட்டில் 'ட்ரிபிள் ஃபேஸ்' (இந்த மூன்று நேரத்திலும் படம்) என்று எழுதி வாங்குங்கள். படங்களை சிடி தகட்டில் கேளுங்கள், ஃபிலிம் போதாது.

கல்லீரல் புற்றுக்கான ரத்தப் பரிசோதனையான ஏ.எஃப்.பி. நார்மல், பயமில்லை என்று அனுப்பினால் நம்ப வேண்டாம். சிறிய கட்டிகள் பலவற்றில் அது உயர்வதே இல்லை.

அடுத்த ஏமாற்று 'டேஸ்'. தமனி வழியாக மருந்தைச் செலுத்தி கட்டியின் ரத்த ஓட்டத்தை அடைக்கும் முறை. கல்லீரல் நன்றாக இயங்கும் ஒருவருக்கு 2 செ.மீ. ஒற்றைக் கட்டி என்றால் அறுவை சிகிச்சையோ, ஊசி நுழைத்துச் சுடும் அப்லேஷனோதான் குணமாக்கும் வழி. இரண்டையும் பேசாமலே டேஸுக்கு ஏற்றிவிடுகிறார்கள். செய்தபின் 4 முதல் 6 வாரத்தில் எடுக்க வேண்டிய ஸ்கேனும் இல்லாமல் இரண்டாவது, மூன்றாவது டேஸ். பிலிருபின் (மஞ்சள் காமாலை நிறமி) ஏறி வயிற்றில் நீர் கோத்தவருக்கு அது கல்லீரலையே செயலிழக்க வைக்கலாம். சம்மதக் கையெழுத்துக்கு முன் சைல்டு-பியூ நிலை (கல்லீரல் எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்ற மதிப்பீடு) என்ன, போர்ட்டல் சிரையில் அடைப்பு உண்டா என்று கேளுங்கள். பதில் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும், வாய்வார்த்தையில் அல்ல.

கல்லீரல் புற்றுக்குத் தரும் பெவாசிஸுமாப் மருந்தைத் தொடங்கும் முன் எண்டோஸ்கோபி வேண்டும். உணவுக்குழாயில் வீங்கிய ரத்த நாளங்கள் இருந்தால் ரத்த வாந்தி வரலாம்.

மூலிகைப் பொடி விற்பவர் ஹெபடைட்டிஸ் பி-க்கான டெனோஃபோவிர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி மீண்டும் கிளம்பி கல்லீரலைத் தாக்கினால், அதுவரை செய்ய முடிந்த அறுவை சிகிச்சைகூடக் கைநழுவிப் போகும்.