ஸ்பிட்ஃபயர் இறக்கை: வெறுங்கையா, டேப்பா, புட்டித் திரியா?

1941 ஆகஸ்டில் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் மேற்புறத்தில் மண்பழுப்பு போய் ஓஷன் கிரே என்ற சாம்பல் நிறம் வந்தது. அடர்பச்சை அப்படியே இருந்தது. மாடல் செய்பவனுக்குத் தலைவலி இந்த இரண்டு நிறமும் சந்திக்கிற கோடுதான்.

முதலில் ஒரு கணக்கு. நிஜ விமானத்தில் அந்தக் கோடு 25 மி.மீ. கலைந்திருந்ததாக வைத்துக்கொண்டாலும், 1/72 அளவு மாடலில் அது 0.35 மி.மீ.தான். எதையும் மறைக்காமல் வெறுங்கையில் ஏர்பிரஷ் (பெயின்ட்டைக் காற்றில் தூவும் கருவி) ஓட்டினால் எனக்கு 2 மி.மீ. பிசிறுக்குக் குறைந்ததே இல்லை. அதாவது நிஜத்தில் 14 செ.மீ. அகலத்துக்குப் புகை! 0.2 மி.மீ. நாசில் (முனைத்துளை), 10 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் என்று கைதேர்ந்தவர்கள் சமாளிக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை.

டேப் ஒட்டி மறைத்து அடித்தால் பிசிறே கிடையாது, ஆனால் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். பெயின்ட் ஒரு சுற்று கூடிவிட்டால் விளிம்பு நகத்தில் தட்டும். வளைவுகளில் ஒட்டுவதோ தனி வேதனை.

என் ஓட்டு, சுவரில் போஸ்டர் ஒட்டுகிற, களிமண்போல் பிசையக்கூடிய புட்டிக்கு. சாம்பல் நிறத்தை முதலில் அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். புட்டியை 3 மி.மீ. தடிமனுக்கு உள்ளங்கையில் திரியாக உருட்டி, கோட்டின் மேல் அழுத்தாமல் படியவிட்டு, சாம்பல் இருக்க வேண்டிய பகுதியை டேப்பால் மூடிவிடலாம். அப்புறம் டமியா கம்பெனியின் எக்ஸ்எஃப்-81 என்ற அடர்பச்சையைச் சரிபாதி தின்னர் கலந்து, 15 பி.எஸ்.ஐ.யில், செங்குத்தாக மேலிருந்து அடிக்க வேண்டும். திரியின் உருண்டை விளிம்புக்கு அடியில் பெயின்ட் மெல்லிசாகக் கசிந்து நிற்கும். நமக்கு வேண்டிய மென்மை அதுதான். ஏர்பிரஷ் சாய்ந்தால் மட்டும் ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் புகை.

இதே திரியை ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் பக்கவாட்டுப் புள்ளிகளுக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்தத் திட்டுத்திட்டான சாம்பலுக்கு வெறுங்கைதான். நான்கு நிறத்தில் கோணல்மாணலாக வெட்டிய ஸ்வீடனின் விக்கன் போர் ஜெட்டுக்கு டேப்பைத் தவிர வழியில்லை.

புட்டியிலும் ஒரு கோளாறு உண்டு. வெயில் காலத்தில் ஒருமுறை ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டேன். காலையில் உரித்தால் சாம்பல் மேல் எண்ணெய்த் தடம். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். தடம் போனது, கூடவே சாம்பலும்.